அந்தக் கெணத்துல தண்ணி இல்ல

தம்பி, நீளமா சுருட்டி வச்சிருக்கீகளே, அது என்ன? மேப்பா? காலண்டரா! சரி, சரி, கோவிச்சுக்காதீக. எங்க பக்கம் எவனாச்சும் இப்படி எதையாவது சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு பஸ் ஏறினாலே எனக்குச் சந்தேகம் தட்டிரும். கொஞ்சம் நகந்துக்கங்க. ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிறேன். வெளிய பாத்துக்கிட்டே வரணும். ஒரு வாரம் பாக்காம விட்டா இருந்த ஊருணி இருக்காது, இல்லாத ரோடு இருக்கும்.

கடை கடையாப் போயி காலண்டர் ஆர்டர் பிடிக்கிறீகளா? புரட்டாசியிலேயே அடுத்த வருசத்துக்கா? ம்ம். நான் ஒண்ணும் சொல்லல. அவுகவுக பொழைப்பு. நெசமாவே நிலம் எடுக்கிற புதுநகரத்து ஆளு இல்லையே? கேட்டா தப்பா நெனைக்காதீக. என்னைய ஊருக்குள்ள 'சந்தேக அடைக்கலம்'னுதான் சொல்லுவாக. அடைக்கலம்ங்கிறது அப்பன் வச்ச பேரு. முன்னால இருக்கிறது ஊரு வச்சது. வச்சுட்டுப் போகட்டும். அந்தச் சந்தேகம் இல்லேன்னா எங்க ஊரு எப்பவோ ஏமாந்திருக்கும்.

எங்க போறேன்னா கேக்குறீக? நில எடுப்பு ஆபீசுக்கு. இன்னைக்கு விசாரணை. என் தங்கச்சி பஞ்சவர்ணத்தோட கெணறு சம்பந்தமா. அந்தக் கெணத்துல தண்ணி இருக்கா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. நான் இல்லேன்னு சொல்லப் போறேன். சொல்லிட்டேன்னா அது தரிசுன்னு ஆயிரும். தரிசுன்னு ஆயிட்டா அவ நிலமும் புதுநகரத்துக்குள்ள போயிரும். எங்க நிலமெல்லாம் போன மாதிரி.

ஏன் அப்படிப் பாக்குறீக? கூடப்பொறந்தவ நிலத்தையேவான்னுதானே? முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் மூஞ்சியச் சுளிங்க.

எங்க ஊரு ஊத்துப்பட்டி. இப்ப போர்டுல அந்தப் பேரு இருக்காது. செக்டார் ரெண்டோ மூணோ போட்டிருக்கும். எங்கப்பன் வெட்டுன கெணறு ரெண்டு. கீழக்கெணறு எனக்கு, மேலக்கெணறு தங்கச்சிக்கு. நடுவுல ஒரு வரப்புதான். ரெண்டு கெணத்துக்கும் ஊத்துக்கண்ணு ஒண்ணுதான்னு அப்பன் சொல்லுவாரு. சுத்துப்பட்டுல எல்லாம் உப்பா இருக்கும், எங்க தண்ணி மட்டும் எளநி மாதிரி இருக்கும். அக்னி நட்சத்திரத்துலயும் வத்தாது. பக்கத்து ஊருக்காரன் கல்யாணத்துக்குப் பாயசம் வைக்கணும்னா எங்க கெணத்துக்குத்தான் வண்டி கட்டி வருவான்.

அப்பத்தான் வந்தாக புதுநகரத்துக்காரவுக. மந்தையில பந்தல் போட்டு, மைக்கு வச்சு, எல்லாருக்கும் மிக்சரும் டீயும் குடுத்து. மிக்சர் குடுத்தப்பவே எனக்கு மூக்குல வேர்த்துருச்சு. சும்மா எவன் தம்பி மிக்சர் குடுப்பான்?

ஒரு பொண்ணுதான் பேசுச்சு. ஏஞ்சலின்னு பேரு, நாகர்கோவில் பக்கமாம். திட்ட ஆபீசர். மெலிஞ்ச பொண்ணு, வெயிலு பட்டுச் செவந்துபோன மூஞ்சி. செவுத்துல பெரிய படத்தை மாட்டி, குச்சிய வச்சுக்கிட்டு, 'ஐயா, நம்ம மாநிலத்துல வேலை, ஆஸ்பத்திரி, காலேசு எல்லாம் நாலஞ்சு ஊர்லயே போயிக் குவிஞ்சு கெடக்கு. சென்னை வீங்கிக்கிட்டே போகுது, உங்க ஜில்லா காஞ்சுக்கிட்டே போகுது. அதுனால இந்தப் பக்கமும் ஒரு நகரம் உண்டாக்கப் போறோம். எல்லாப் பக்கமும் சமமா வளரணும்'னுச்சு. அப்புறம் எங்களைப் பாத்து, 'உங்க பிள்ளைகள்லாம் எங்க இருக்காங்க?'ன்னு கேட்டுச்சு. திருப்பூருங்கிறான் ஒருத்தன், சென்னைங்கிறான் ஒருத்தன், சிங்கப்பூருங்கிறான் இன்னொருத்தன். 'அவங்க திரும்பி வர வேண்டாமா?'ன்னுச்சு. பொம்பளைகள்லாம் முந்தானைய எடுத்துக் கண்ணைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாளுக. எம் பொண்டாட்டி சௌந்தரமும்தான்.

எம்மகன் சென்னையில ஒரே ரூம்புல பத்துப் பேரோட படுத்துக்கிட்டு சௌரியமா இருக்கான். அவனைப் பத்தி இந்தப் பொண்ணுக்கு என்ன அம்புட்டு அக்கறை? நீங்களே சொல்லுங்க.

நான் எந்திரிச்சு நேரா கேட்டேன். 'எங்க நிலத்தை எடுப்பீகளா, மாட்டீகளா?' அதுக்கு அந்தப் பொண்ணு சொல்லுச்சு: 'ஐயா, தண்ணி இருக்கிற நிலத்துல, விளையிற நிலத்துல நாங்க கை வைக்க மாட்டோம். தரிசையும் பொட்டலையும் மட்டும்தான் எடுப்போம். விளையிற நிலத்தை அப்படியே விட்டுட்டு, படத்துல பச்சை அடிச்சுருவோம். நகரத்துக்கும் காய்கறி வேணும்ல?'

நம்புவேனா நான்? நல்லா யோசிச்சுப் பாருங்க. சந்தைக்குப் போறவன் நல்ல கத்திரிக்காய விட்டுட்டு சொத்தையப் பொறுக்குவானா? நல்ல நிலம் இருக்கிறப்ப கெட்ட நிலத்தை எடுப்பேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் நம்ம காதுல பூ சுத்துறான்னுதானே அர்த்தம்? இப்படிச் சொன்னா நாம என்ன செய்வோம்? 'ஆத்தா, எங்கிட்ட தண்ணி இருக்கு, எங்கிட்ட தண்ணி இருக்கு'ன்னு ஆளாளுக்குக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிக் கெணத்தைக் காட்டுவோம். அவுக நல்லதா பாத்துக் குறிச்சுக்கிட்டுப் போயி, மொத்தமா வளைச்சுப் போட்டுருவாக. அம்புட்டுத்தான் சூட்சுமம். எனக்கு அங்க உக்காந்திருக்கும்போதே புரிஞ்சு போச்சு.

அவுக காரு ஏறிப் போனதும் ஊரைக் கூட்டுனேன். 'இந்தா பாருங்கப்பா, நம்ம ஊர்ல தண்ணியே இல்ல. புழுதி. பொட்டல். இங்க வந்தா நாக்கு வறண்டு சாவான்னு அவுக நெனைக்கணும். நெனைச்சுட்டா திரும்பியே பாக்காம ஓடிருவாக'ன்னேன். எல்லாரும் வாயப் பொளந்துட்டாக. 'அடைக்கலம் மூளையே மூளை'ன்னு ஊருத் தலைவரு பெரிய அம்பலமே எந்திரிச்சு வந்து முதுகுல தட்டிக் குடுத்தாரு. இன்னைக்கு எவனும் அதை ஒத்துக்க மாட்டான்.

அளக்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் செஞ்சு முடிச்சோம். மோட்டாரைக் கழட்டி வைக்கோலுக்குள்ள வச்சோம். கெணத்து மேல கருவ முள்ளை வெட்டிப் போட்டு மூடுனோம். பயிருக்குத் தண்ணி நிறுத்துனோம். என் மொளகாத் தோட்டம் தம்பி, காயும் பழமுமா நின்னுச்சு. கண்ணு முன்னாலயே கருகிப் போச்சு. சௌந்தரம் வரப்புல உக்காந்து ஒப்பாரி வச்சா. 'செத்த சும்மா இருடி, ஊரைக் காப்பாத்துறேன்'னேன். தெருவுல காலிக் குடத்தையெல்லாம் வரிசையா அடுக்கி வச்சோம், லாரிக்குக் காத்திருக்கிற மாதிரி. நான் சொல்லல, எங்க ஊருப் பொம்பளைகளே அந்த வரிசையில நின்னு நெசமாவே சண்டை போட்டுப் பழகுனாளுக. பாத்தா எனக்கே சந்தேகம் வந்துரும், ஊர்ல தண்ணி இல்லையோன்னு.

எல்லாத்துக்கும் மேல ஒரு கட்டு. வெளியூரு ஆளு யாரு வந்து கேட்டாலும் ஒரு சொம்புத் தண்ணி குடுக்கக் கூடாது. இது லேசுப்பட்ட கட்டு இல்ல. எங்க ஊர்ல வாசல்ல ஒருத்தன் வந்து நின்னா, யாரு எவருன்னு கேக்குறதுக்கு முந்தியே சொம்பு வந்து நிக்கும். கை தானாப் போகும். அதனாலதான் காளியாத்தா கோயில் வாசல்ல சூடம் ஏத்தி, வீட்டுக்கு ஒரு ஆளு கையால அணைச்சு சத்தியம் பண்ணணும்னேன். எல்லாரும் பண்ணுனாக.

பஞ்சவர்ணம் மட்டும் வரல. அவ புருசன் சவுதியில வண்டி ஓட்டுறான், வீட்ல அவளும் சின்னப் பிள்ளையும்தான். நானே போயிக் கூப்புட்டேன். அடுப்படியில நின்னுக்கிட்டே சொன்னா: 'தாகம்னு வர்றவுகளுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்றதுக்கா சூடம் அணைக்கச் சொல்றீக? எங்கையி அணைக்காதுண்ணே.'

நான் தூக்கி வளத்த பிள்ளை தம்பி அவ. ஆத்தா செத்தப்ப அவ தவழ்ந்துக்கிட்டு இருந்தா. என் இடுப்புலயேதான் கெடப்பா, என் தட்டுலயேதான் சாப்பிடுவா. அப்படிப்பட்டவ எனக்கே எதுத்துப் பதிலு சொன்னா. எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு. ஆரோ இவளுக்கு ஓதியிருக்காகன்னு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, வைகாசி மாசம் அளக்க வந்தாக. அந்தப் பொண்ணும் கூட ரெண்டு ஆளும். வெயிலுன்னா வெயிலு, தார் ரோடு செருப்போட ஒட்டுது. தெருத்தெருவாப் போயி எல்லார்கிட்டயும் கேக்குறாக. எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி 'தண்ணி இல்லம்மா, லாரி வரணும்மா'. ஊருப் பேரே ஊத்துப்பட்டிதானேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. 'அது எங்க பாட்டன் காலத்துப் பேரும்மா, ஊத்து செத்துப்போச்சு'ன்னேன். எப்படி என் சாமர்த்தியம்?

அப்ப அந்தப் பொண்ணு எங்க வாசல்லதான் நின்னுச்சு. ஒதடு வெடிச்சுப் போயிருந்துச்சு. 'ஐயா, குடிக்க மட்டும் கொஞ்சம்...'ன்னுச்சு. நான், 'இல்லம்மா'ன்னுட்டேன். சௌந்தரம் உள்ள பானைக்குப் பக்கத்துல நின்னா. ஒரு பார்வை பாத்தேன், நின்ன இடத்துலயே தலையக் குனிஞ்சுக்கிட்டா. அந்தப் பொண்ணு, 'பரவாயில்லம்மா'ன்னு அவளுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போச்சு. அந்த 'பரவாயில்ல'தான் எனக்குப் பிடிக்கல. தண்ணி இல்லேன்னு சொன்னது நானு, அவளுக்கு எதுக்கு ஆறுதல்? ஏதோ மோப்பம் பிடிச்சிருச்சுன்னு நெனைச்சேன்.

நேரா போச்சு பாருங்க, எந்தங்கச்சி வீட்டுக்கு.

இவ என்ன செஞ்சா? சொம்பு குடுத்தா. பாய் விரிச்சு உக்கார வச்சா. அந்தப் பொண்ணு குடிச்சுட்டு, 'என்னக்கா இப்படி இனிக்குது'ன்னுருக்கு. 'எங்க மேலக்கெணத்துத் தண்ணிம்மா, வந்து பாருங்க'ன்னு இவளே கூட்டிட்டுப் போயிக் காட்டுனா. முள்ளு மூடாத கெணறு ஊருக்குள்ள அது ஒண்ணுதான். அவ பிள்ளை பம்புசெட்டுத் தொட்டிக்குள்ள நீச்சல் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. சுத்தி வெண்டையும் கத்திரியும் பச்சைப் பசேல்னு. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாக. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு.

அவுக போனதும், 'காட்டிக் குடுத்துட்டியேடி'ன்னு கத்துனேன். 'நா எங்க கெணத்தை மட்டும்தான் காட்டுனேன், உங்க கெணத்தைப் பத்தி வாயத் தொறக்கலைண்ணே. ஆனா நீங்களும் சொல்லிருங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்ற பொண்ணு மாதிரி தெரியல'ன்னா. எனக்கே புத்தி சொல்றா! எந்தக் காலத்துலயும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல.

கண்டக்டர், ஏம்ப்பா, பாலத்துல நிக்காதா? என்னமோ புது ரூட்டுன்னு சுத்திக்கிட்டுப் போறான். இது எல்லாம் எதுக்குன்னு நெனைக்கிறீக? புதுநகரத்தை நமக்குக் காட்டி மயக்கத்தான்.

அப்புறம் படம் வந்துச்சு தம்பி. பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல ஒட்டுனாக. ஊரே கூடி நின்னு பாத்தோம். எங்க நிலம் பூராவும் மஞ்சளும் ஊதாவும். மஞ்சள்னா வீடு, ஊதான்னா தொழிற்சாலையாம். மொத்த ஊத்துப்பட்டியும் தரிசு, தண்ணி இல்லாத பொட்டல், நகரம் கட்ட ரொம்பப் பொருத்தமான இடம்னு போட்டிருந்துச்சு. நட்ட நடுவுல, வெத்தலை அளவுக்கு ஒரே ஒரு பச்சை. எந்தங்கச்சி நிலம்.

இப்பச் சொல்லுங்க. சந்தேகம் வருமா வராதா? ஊரு முழுக்கப் போயிருச்சு, அவளுது மட்டும் தப்பிச்சிருக்கு. எப்படி? எதுவும் குடுக்காமயா? ஒரு சொம்புத் தண்ணிக்கு ஒரு தோட்டத்தை எவன் விடுவான்? ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள கமுக்கமா ஏதோ பேசி முடிச்சிருக்காக. எனக்குத் தெரியாதா?

நான் அந்தப் பொண்ணு ஆபீசுக்கே போயிச் சண்டை போட்டேன். அது மெல்லக் கேக்குது: 'ஐயா, நான் முதல் கூட்டத்துலயே சொன்னேனே. தண்ணி இருந்தா எடுக்க மாட்டோம்னு. உங்க ஊர்ல எல்லாரும் இல்லேன்னு சொன்னீங்களே?' பாத்தீகளா சூது! மொதல்லயே சொல்லிட்டு, சொன்னதையே அச்சு மாறாம செஞ்சிருக்கு. பொய் சொல்லி ஏமாத்துறவனை நான் ஆயிரம் பேரு பாத்திருக்கேன், மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். உண்மையச் சொல்லி ஏமாத்துறவுகளை எப்படி தம்பி கண்டுபிடிக்கிறது?

என்ன சிரிக்கிறீக? இருமலா? சரி.

அப்ப இப்பவாச்சும் தண்ணி இருக்குன்னு சொல்லலாமேன்னு நீங்க கேப்பீக. சௌந்தரமும் அதைத்தான் கேட்டா. எப்படிச் சொல்றது? ஊரையே சத்தியம் பண்ண வச்சது நான். 'அடைக்கலம் பேச்சைக் கேட்டுத்தான் ஊரே போச்சு'ன்னு ஆகிறாதா? நான் ஊரைக் காப்பாத்துனவன் தம்பி. காப்பாத்தும்போது பஞ்சவர்ணம் காட்டிக் குடுத்ததால வந்த வினை இது. இதை நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போயி சொன்னேன். ஊரும் நம்புச்சு. இப்ப எல்லாரும் அவளைத்தான் ஏசுறாக. ஒரு விசேசத்துக்கும் அவளைக் கூப்புடுறதில்ல.

என் கெணத்தை மூடுன அன்னைக்கு நான் நின்னு பாத்தேன். ஜேசிபிய வச்சு மண்ணைத் தள்ளுறான். தள்ளத் தள்ள, தண்ணி மேல ஏறி வருது. கலங்கிச் செவப்பா, குபுகுபுன்னு. ஏறி வந்து கரையத் தாண்டி, அந்தக் கருகிப்போன மொளகாச் செடிக்கெல்லாம் பாயுது. ஓட்டுறவன் சின்ன வயசு, வடக்கத்திப் பையன் இல்ல, நம்ம தேனிப் பக்கம்தான். எஞ்சினை நிறுத்திட்டுக் குதிச்சு ஓடியாந்தான். 'ஐயா, தண்ணி இவ்வளவு கெடக்கே! மேல சொல்லி நிறுத்தவா?'ன்னான்.

சுத்தி ஊருக்காரவுக நிக்கிறாக. எல்லாரும் எம் மூஞ்சியவே பாக்குறாக. நான், 'அது ஊத்துத் தண்ணி இல்லப்பா, பழைய மழைத் தண்ணி. நீ தள்ளு'ன்னேன்.

தள்ளிட்டான்.

அன்னைக்கு நான் சாப்பிடல. அதுக்கு மறுநாளும் சாப்பிடல. அதை விடுங்க.

இப்பக் காலனியில இருக்கோம். நகரத்து ஓரத்துல, மாத்து எடம்னு கட்டிக் குடுத்திருக்காக. வீடு பரவாயில்ல, மொட்டை மாடியெல்லாம் இருக்கு. பின்வாசல்ல நின்னா தங்கச்சியோட தோட்டம் தெரியும். அதனால பின்வாசக் கதவை நான் தொறக்கிறதே இல்ல. குழாத் தண்ணி வாயில வைக்க முடியாது, சுத்த உப்பு. குடிக்கிறதுக்குக் கேன் தண்ணி வாங்குறோம். அது ஒண்ணுதான் தம்பி இந்தப் புதுநகரத்துல எனக்குப் பிடிச்ச சங்கதி. எந்தப் புண்ணியவானோ நல்ல தண்ணியாக் குடுக்குறான். ஒரு நாளு கூட குறை சொல்ல முடியல. எதைப் பாத்தாலும் குத்தம் சொல்ற எனக்கே அந்தத் தண்ணியில குத்தம் தெரியல.

இன்னொண்ணு கேளுங்க, தங்கச்சி தந்திரத்தை. அவ மகளுக்கு இன்னும் காது குத்தல. ஏழு வயசாகப் போகுது, காது மூளியா நிக்குதாம் பிள்ளை. 'மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்துவேன், எங்கண்ணன் வராம குத்த மாட்டேன்'னுட்டாளாம். பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைக கேலி பண்ணுதாம். எப்படித் தெரியும்னா, சௌந்தரம்தான் சொன்னா. அவளுக்கு எப்படித் தெரியுமா? ஊர்ல பேசிக்கிட்டாகளாம். அந்தப் பிள்ளைக்கு முன்பல்லு விழுந்திருச்சாம். வாய்ப்பாடு ஒப்பிக்குதாம். பேசிக்கிறவுக எம்புட்டு விவரமாப் பேசிக்கிறாக பாருங்க. இதெல்லாம் என் மனசைக் கரைக்கிறதுக்குத் தங்கச்சி செய்ற வேலை. நான் கரையுற ஆளா?

அதான் எழுதிப் போட்டோம், நானும் ஊருப் பெரியவுகளும். 'அந்தக் கெணத்துலயும் தண்ணி இல்ல, ஏமாத்திப் பச்சை அடிச்சிருக்காக, விசாரிக்கணும்'னு. இன்னைக்குக் கூப்புட்டிருக்காக. 'வேற சாட்சியே வேணாம், கூடப்பொறந்த அண்ணன் சொன்னாப் போதும்'னு அங்க சொல்லிட்டாகளாம். நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆயிரும். சமமா வளரணும்னுதானே சொன்னாக? சமமா ஆகட்டும்.

தண்ணியா? ஏன், உங்க பாட்டில் என்னாச்சு? காலியா. இருங்க, தர்றேன். எங்கிட்ட ரெண்டு இருக்கு. சௌந்தரம் எப்பவும் ரெண்டு பாட்டில் ரொப்பிக் குடுப்பா. ஒண்ணு எனக்காம், ஒண்ணு யாராச்சும் கேட்டாக் குடுக்கவாம். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுட்டுப் போனதுலருந்து அவளுக்கு இது ஒரு நோக்காடு. இன்னைக்குக் கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து கையில திணிச்சுட்டு, 'போற வழியில இதைக் குடிச்சுட்டுப் போயி, அப்புறம் என்ன சொல்லணுமோ சொல்லுங்க'ன்னா. வெயிலுக்குச் சொல்றா போல.

குடிங்க. ஒதட்டுல படாமத் தூக்கிக் குடிங்க. ம்ம். எப்படி இருக்கு? இனிக்குதா! சொன்னேன்ல? இந்தப் பக்கம் வேற எங்கயும் இப்படிக் கெடைக்காது. எங்க பழைய கெணத்துத் தண்ணி மாதிரியே இருக்கும். சில நாளு குடிக்கும்போது கண்ண மூடுனா, அப்பன் கமலை எறைக்கிற சத்தமே கேக்கும் எனக்கு.

எந்தக் கம்பெனிக் கேனா?

அது... என்னமோ ஒரு பேரு. ஊதாக் கலரு கேனா? இருக்கும். நான் பாத்ததில்ல. சௌந்தரம்தான் வாங்குறது. விடியக்காலையில எந்திரிச்சுப் போயிருவா, வரும்போது சேலை இடுப்புல நனைஞ்சிருக்கும்.

கேனைத் தூக்குனா சேலை நனையாதுங்கிறீக. மூடி போட்டிருக்குங்கிறீக. ஆமா. வீட்ல கேன் எங்க வச்சிருக்கா? அடுப்படியில அந்தப் பித்தாளைக் குடம்தான் இருக்கு. எங்காத்தா சீரா கொண்டாந்த குடம். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் குடுத்தது அதோட சோடி.

பின்வாசக் கதவு தாழ்ப்பாளு காலையில தெறந்து கெடக்கும். காத்துன்னு நெனைச்சேன்.

நீங்க சும்மா இருக்க மாட்டீகளா? உங்களை எவன் கேட்டது கம்பெனி பேரு? தாகம்னீக, குடுத்தேன், குடிச்சமா போனமான்னு இருக்கணும். யாரு தம்பி நீங்க? நெசமாச் சொல்லுங்க, உங்களை யாரு அனுப்பி வச்சது? சௌந்தரமா? பஞ்சவர்ணமா? அந்த ஏஞ்சலினா?

சரி. சத்தம் போடல. எல்லாரும் திரும்பிப் பாக்குறாக.

இத்தனை நாளா குடிச்சிருக்கேன் தம்பி. காலையில, மத்தியானம், ராத்திரி. தங்கச்சிய ஏசிட்டு வந்து, நாக்கு வறண்டு, ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சுட்டுத் திரும்ப அவளையே ஏசியிருக்கேன். அவ, எங்கண்ணனுக்குக் குடுக்க மாட்டேன்னு ஒரு நாளு கூடச் சொல்லலையே. அந்த மேலக்கெணத்து மேட்டுல நின்னு அவளே எறைச்சு ஊத்தியிருப்பா. சௌந்தரமும் வாங்கிட்டு வந்து, கேன் தண்ணின்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கா. உலகத்துல அம்புட்டுப் பேரையும் சந்தேகப்பட்டேன். பானைய எட்டிப் பாக்கலையே.

பாட்டிலைக் குடுங்க. மிச்சம் இருக்கா? இருக்கட்டும். இன்னும் ஒரு மடக்கு நான் குடிச்சுக்கிறேன்.

ஆபீஸ் ஸ்டாப்பு வந்துருச்சு. காலக் கொஞ்சம் மடக்குங்க, எறங்கணும். உள்ள போனதும் கேப்பாக. 'அடைக்கலம், உங்க தங்கச்சி கெணத்துல தண்ணி இருக்கா?'ன்னு. நான் என்ன சொல்லுவேன்னுதானே பாக்குறீக? அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? நீங்க யாரோ எவரோ.

கண்டக்டர், கொஞ்சம் பொறுங்கப்பா, எறங்குறேன்.

தம்பி, அந்தக் காலண்டர்ல ஒண்ணு குடுக்க முடியுமா? மாதிரிக்கு வச்சிருக்கிறதுன்னாலும் பரவாயில்ல, குடுங்க. அடுத்த வருசத்துதானே, தை மாசம் முகூர்த்த நாளெல்லாம் போட்டிருக்கும்ல? நாள்னா, பிள்ளைக்குக் காது குத்துற மாதிரி நாளு.

எதுக்கா? எதுக்கா இருந்தா உங்களுக்கென்ன? குடுங்கய்யா, பஸ்ஸை எடுக்குறான்.